விசையை இழுத்தால் ஏன் சுடவில்லை? எயார்சொஃப்ட் துப்பாக்கியின் கோளாறுகள், அறிகுறிப்படி

“அண்ணா, மோட்டார் எரிஞ்சுபோச்சு. புதுசு ஒன்று எடுக்கணும்.”

இப்படிச் சொல்லிக்கொண்டு எங்கள் வெள்ளவத்தை வீட்டுப் படியேறி வந்தவர்களில் உண்மையாகவே மோட்டார் எரிந்திருந்தவர் ஒரே ஒருவர்தான். மற்றவர்களுக்குப் போயிருந்தது பற்றரி, அல்லது கனெக்டர், அல்லது மோட்டாரில் செருகியிருந்த வயர் கழன்றிருந்தது. பகலில் யூ.பி.எஸ். திருத்துவது என் தொழில். மின்சார எயார்சொஃப்ட் துப்பாக்கி (சின்னப் பிளாஸ்டிக் குண்டைக் காற்றால் தள்ளும் விளையாட்டுத் துப்பாக்கி) திருத்துவது மாலையில் நண்பர்களுக்காக. காசு வாங்குவதில்லை, மாலுபாண் கொண்டுவந்தால் மறுப்பதுமில்லை. ஒரே பதிலைத் திரும்பத் திரும்ப வட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்பி அலுத்துவிட்டது, அதனால் இந்த எழுத்து.

1991இல் ஜப்பானிய நிறுவனமான டோக்கியோ மருயி, பிரெஞ்சு ஃபமாஸ் துப்பாக்கியின் வடிவத்தில் முதல் மின்சாரத் துப்பாக்கியை விற்கத் தொடங்கியதிலிருந்து உள்ளே இருக்கும் அடிப்படை அமைப்பு பெரிதாக மாறவில்லை. பற்றரி மோட்டாரைச் சுழற்றும், மோட்டார் மூன்று கியர்களைச் சுழற்றும், கியர் பிஸ்டனைப் பின்னுக்கு இழுத்து விடும், ஸ்பிரிங் பிஸ்டனை முன்னே தள்ள, காற்று குண்டைத் தள்ளும். இவ்வளவுதான். ஆகவே எம்4 வடிவமோ (வெர்ஷன் 2 கியர்பொக்ஸ்) ஏ.கே. வடிவமோ (வெர்ஷன் 3), கீழே உள்ளதில் பெரும்பகுதி இரண்டுக்கும் பொருந்தும்.

## மேசையில் வைக்கும் முன்

கொழும்பில் இருக்கிறோம். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு இது விளையாட்டுச் சாமான் என்று தெரியாது. சோதனைச் சாவடிகளுக்கு நடுவே வளர்ந்த எங்களுக்கு அதை யாரும் விளக்கத் தேவையில்லை. பின்னர் பிறந்த தம்பிமாருக்குத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. வைத்திருக்கலாமா, தருவிக்கலாமா என்பதைப் பொலிஸிலும் சுங்கத்திலும் எழுத்தில் கேட்டு முடித்தவருக்காகவே இதை எழுதுகிறேன். திருத்தக் கொண்டுவருபவர் பற்றரியைத் தனியாகவும், துப்பாக்கியைப் பூட்டிய பெட்டியிலும் கொண்டுவர வேண்டும். பல்கனியில் நின்று குறி பார்த்துச் சோதிக்கிற வேலை வேண்டாம். என் வீட்டில் அது முதல் விதி.

இரண்டாவது விதி, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி. மூன்றாவது: மகசினைக் கழற்றிய பிறகும் ஹொப்-அப்பில் (குழலின் தொடக்கத்தில் ரப்பரால் குண்டைப் பின்னோக்கிச் சுழலவைக்கும் பகுதி) ஒன்றிரண்டு குண்டு நிற்கும். கழற்றிவிட்டு, பழைய துணி அடைத்த அட்டைப்பெட்டிக்குள் இரண்டு மூன்று தடவை ஒற்றைச் சூட்டில் சுட்டுவிட்டு, அப்புறம் பற்றரியைக் கழற்றுங்கள். இந்த ஒழுங்கை நான் ஒரு நாள் மறந்தேன். சாமியறைப் பிள்ளையார் படத்தின் கண்ணாடியில் இன்றைக்கும் ஒரு நட்சத்திரக் கீறல் இருக்கிறது. அம்மா அதை மாற்ற விடவில்லை, எனக்கு ஞாபகம் இருக்கட்டுமாம்.

தேவையான சாமான்: மல்டிமீற்றர், ஆலன் கீ தொகுதி, நல்ல நட்சத்திரத் திருப்புளி, உட்குழல் துடைக்கும் கம்பி, பழைய பருத்தித் துணி. மீற்றர் இல்லாமல் தொடங்கவே வேண்டாம். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் மலிவாக ஒன்று வாங்கினாலும் இந்த வேலைக்குப் போதும்.

## அறிகுறி 1: விசையை இழுத்தால் ஒரு சத்தமும் இல்லை

முதலில் தெரிவு நெம்பைப் பாருங்கள். சிரிக்க வேண்டாம். பாதுகாப்பு நிலைக்கும் ஒற்றைச் சூட்டு நிலைக்கும் நடுவே நெம்பு நின்றால் பல துப்பாக்கிகள் ஊமையாகிவிடும். இதற்காகவே தெஹிவளையிலிருந்து பஸ் ஏறி வந்தவர் இருக்கிறார்.

பற்றரியில் மின்சாரம் இருக்கிறதா? 7.4 வோல்ட் என்று எழுதிய லித்தியம் பொலிமர் பற்றரி முழுதாக ஏறினால் 8.4 காட்ட வேண்டும், அதாவது செல் ஒன்றுக்கு 4.2. 7 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் உடனே நிறுத்திச் சார்ஜில் போடுங்கள். 6க்கும் கீழே போயிருந்தால் அந்தப் பற்றரியை நம்ப வேண்டாம், புதியது எடுங்கள். 8.4 வோல்ட் நிக்கல் பற்றரி என்றால் புதிதாகச் சார்ஜ் செய்ததும் 9ஐத் தாண்டிக் காட்டும்.

கனெக்டர். கொழும்பில் நான் அதிகம் கண்ட குற்றவாளி இதுதான். கடற்கரைப் பக்கம் வீடு என்றால் ஆறு மாதத்தில் பித்தளை ஊசியில் பச்சைப் பாசி மாதிரி ஒன்று படரும். உப்புக் காற்று. மரைன் டிரைவ் பக்கம் இருப்பவர்களுக்குக் குளிரூட்டியின் வெளிப்பெட்டி என்ன கதிக்கு ஆளாகிறது என்று தெரியும். அதே கதைதான் இங்கேயும். துப்பாக்கியோடு வருகிற வெள்ளை நிறச் சின்னப் பிளாஸ்டிக் கனெக்டரில், உள்ளே இருக்கும் குழாய் வடிவ ஊசி தளர்ந்து பின்னுக்குத் தள்ளப்பட்டிருக்கும். வெளியே பார்த்தால் பூட்டிய மாதிரியே இருக்கும், உள்ளே ஒன்றோடொன்று தொடாது. வயரைப் பிடித்து மெதுவாக முன்னே தள்ளிக்கொண்டு விசையை இழுத்துப் பாருங்கள். ஓடினால் நோய் கண்டுபிடித்தாயிற்று.

பியூஸ். எல்லாத் துப்பாக்கியிலும் இருக்காது. இருந்தால் பற்றரி வைக்கும் இடத்தருகே வயரில் தொங்கும், பெரும்பாலும் 20 முதல் 30 அம்பியர். மீற்றரைத் தொடர்ச்சி நிலையில் வைத்து இரண்டு முனையையும் தொடுங்கள், பீப் வராவிட்டால் போய்விட்டது. அதே அளவில் புதியது போடுங்கள். சிகரெட் பெட்டி ஈயத்தாளைச் சுற்றி ஓட்டிப் பார்த்த ஒருவரின் வயர் ஸ்டொக்குக்குள்ளேயே உருகி ஒட்டிக்கொண்டது. அதைப் பிய்த்தெடுக்க எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. புதிய பியூஸும் உடனே போனால் எங்கோ வயர் தோலுரிந்து ஒன்றோடொன்று முட்டுகிறது. பற்றரியைத் திணிக்கும்போது நசுங்குகிற இடங்களை விரலால் தடவிப் பாருங்கள்.

மோட்டார் முனைகள். எம்4 வடிவத்தில் கைப்பிடியின் அடித்தகட்டை இரண்டு ஸ்குரூ கழற்றினால் மோட்டாரின் பின்பக்கம் தெரியும். சிவப்பும் கறுப்புமாக இரண்டு தட்டை முனைகள் செருகியிருக்கும். ஒன்று கழன்று கிடந்தால் அழுத்திச் செருகுங்கள். தளர்வாக இருந்தால் குறட்டால் லேசாக நசுக்கிவிட்டுச் செருகுங்கள். இங்கே ஐந்து நிமிடம் செலவழித்தவர்கள் பலர் என்னிடம் வரவே தேவைப்படவில்லை.

மோட்டாரே போயிற்றா? அதை வெளியே எடுத்து, இறுக்கிப் பிடித்துக்கொண்டு (தொடங்கும்போது கையை உதறும்), ஏறின பற்றரியை ஒரு கணம் தொடுத்துப் பாருங்கள். சுழன்றால் மோட்டார் நல்லது. சுழலாவிட்டால் கரித்துண்டுகள் தேய்ந்திருக்கலாம், அல்லது அவற்றை அழுத்தும் சின்ன ஸ்பிரிங் விலகியிருக்கலாம். கரித்துண்டு மாற்றக்கூடியது, மோட்டார் விலையில் சிறு பங்குதான்.

இவ்வளவும் சரி, ஆனால் இன்னும் ஊமை என்றால் மிச்சம் இருப்பது கியர்பொக்ஸுக்குள் இருக்கும் விசைத் தொடுப்பு. செப்புத் தகடு கருகியிருக்கும். மொஸ்ஃபெட் (விசைத் தொடுப்புக்குப் பதிலாக மோட்டாரின் மின்னோட்டத்தைத் தாங்கும் மின்னணுச் சுவிட்ச்) பூட்டியிருந்தால் அந்தப் பலகையும் சந்தேகத்துக்குரியது. இதற்குக் கியர்பொக்ஸைப் பிரிக்க வேண்டும். ஏற்கெனவே பிரித்துப் பூட்டிப் பழகாதவர் இங்கே நிறுத்திவிட்டு, பழகினவரைத் தேடுவது நல்லது.

## அறிகுறி 2: ஒரு “டக்”, அத்தோடு சரி

விசையை இழுத்ததும் ஒரு முனகல் அல்லது ஒரு டக், பிறகு அசைவில்லை. முதலில் விரலை எடுங்கள். அழுத்திக்கொண்டே நின்றால் நின்றுபோன மோட்டார் வழியே முழு மின்னோட்டமும் போகும், அப்போதுதான் உண்மையிலேயே எரியும்.

ஒற்றைச் சூட்டில் மட்டும் நிற்கிறதா? நெம்பைத் தொடர்சூட்டுக்கு மாற்றி ஒரு கணம் இழுங்கள். ஓடினால், சுற்று பாதியில் நின்றிருந்தது என்று பொருள். பற்றரி இளைத்துப்போனதற்கு இது தெளிவான அடையாளம். சார்ஜ் செய்யுங்கள். முழுச் சார்ஜிலும் இதே கதை என்றால் கீழே படியுங்கள்.

பற்றரி நடிக்கிறதா? சும்மா இருக்கும்போது 8.2 காட்டும், வேலை கொடுத்ததும் படுத்துவிடும். பற்றரியின் சமநிலைச் செருகியில், அந்தச் சின்ன வெள்ளைச் செருகியில், இரண்டு ஓரத் துளைகளிலும் மீற்றர் முனையை வைத்துக்கொண்டு இன்னொருவரை விசையை இழுக்கச் சொல்லுங்கள். இலக்கம் 6க்குக் கீழே விழுந்தால் பற்றரிக்கு ஆயுள் முடிந்தது. விழாமல் நின்றால் பற்றரி நல்லது, தடை வழியில் இருக்கிறது. கனெக்டரைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருக்கிற இடம்தான் வழிமறித்த இடம்.

வயர் மாற்றிய கையோடு வந்த கோளாறா? சிவப்பும் கறுப்பும் இடம் மாறியிருக்கும். மோட்டார் பின்பக்கமாகச் சுழலப் பார்க்கும், பின்சுழற்சியைத் தடுக்கும் கொக்கி விடாது, எல்லாம் இறுகிப்போகும். மோட்டாரில் கூட்டல் குறியோ சிவப்புப் புள்ளியோ இருக்கும் முனைக்குச் சிவப்பு வயர். மிகவும் தேர்ந்தவர்களும் இரவு பதினொரு மணிக்கு இந்தத் தவறைச் செய்வார்கள். யாரென்று கேட்க வேண்டாம்.

மோட்டார் உயரம். கைப்பிடி அடித்தகட்டின் நடுவே ஒரு ஸ்குரூ உண்டு. அது மோட்டாரை மேலே தள்ளி, அதன் பினியனை (தண்டின் நுனியில் இருக்கும் சின்னப் பல்சக்கரம்) கியரோடு பொருத்துகிறது. அளவுக்கு மீறி இறுகியிருந்தால் முனகி நிற்கும், கைப்பிடி சூடேறும். மகசின் இல்லாமல், அரைச் சுற்றுத் தளர்த்தி, ஒரு சின்ன இழுப்பு. கரகரப்பு வரும்வரை தளர்த்திவிட்டு, கால் சுற்றாகத் திரும்ப இறுக்கிக்கொண்டே வாருங்கள். சத்தம் தணிந்து, வேகமும் குறையாத ஒரு இடம் வரும். அங்கே விட்டுவிடுங்கள். தையல் மெஷின் ஓடுகிற சத்தத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஓட்டம் சீராக இருந்தால் காதே சொல்லும். சரியான இடம் கிடைத்ததும் அந்த ஸ்குரூ தலையில் நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்துவிடுங்கள். அதிர்வில் அது தானாகத் திரும்பும், திரும்பினால் புள்ளி காட்டிக்கொடுக்கும்.

இதிலும் சரிவராவிட்டால் உள்ளே பல் முறிந்து சிக்கியிருக்கிறது, அல்லது மோட்டாருக்கு மீறின ஸ்பிரிங் போட்டிருக்கிறது. இரண்டாவதுக்கு எப்போதும் ஆள் இருப்பார். கேட்டால் “எம்120 தான் அண்ணா, சின்ன மாற்றம்” என்பார். (எம்முக்குப் பின்னால் வரும் எண் கூடக்கூட ஸ்பிரிங்கின் பலம் கூடும்.)

இந்த நிலையில் கியர்பொக்ஸைத் திறக்கிறவருக்கு ஒரு எச்சரிக்கை. பிஸ்டன் பின்னுக்கு இழுபட்ட நிலையில் சிக்கியிருக்கலாம். அப்படியே மூடியைத் தூக்கினால் ஸ்பிரிங்கும் அதன் தாங்கியும் முகத்துக்கு வரும். முதலில் மோட்டாரைக் கழற்றி, அந்தத் துளை வழியே மெல்லிய திருப்புளியால் பின்சுழற்சிக் கொக்கியைத் தள்ளுங்கள். “ஸ்ஸ்ர்ர்” என்று கியர் பின்னுக்கு ஓடும் சத்தம் கேட்ட பிறகுதான் மூடியில் கை வைக்கலாம். கேட்கவில்லை என்றால் கட்டிப் பெட்டியில் வைத்து, தெரிந்தவரிடம் கொடுங்கள்.

## அறிகுறி 3: மோட்டார் கீச்சென்று ஓடுகிறது, காற்று வரவில்லை

உள்ளங்கையைக் குழல்வாயில் வைத்துப் பார்க்காதீர்கள். ஒரு கடதாசித் துண்டைத் தொங்கவிட்டுச் சுடுங்கள், அது ஆடுகிறதா என்று பாருங்கள்.

சத்தம்தான் இங்கே வைத்தியர். “வீஈஈ” என்று தடையில்லாத, மெல்லிய, உயர்ந்த சத்தம் என்றால் பினியன் கியரைத் தொடவே இல்லை. உயர ஸ்குரூ தளர்ந்திருக்கும், மேலே சொன்னபடி இறுக்குங்கள். அதிலும் மாறாவிட்டால் மோட்டாரை வெளியே எடுத்துப் பினியனைப் பிடித்துத் திருப்புங்கள். தண்டு நிற்கப் பினியன் மட்டும் சுற்றினால் அதன் பொடி ஸ்குரூ தளர்ந்துவிட்டது. ஸ்குரூ தண்டின் தட்டைப் பக்கத்தில் உட்காரும்படி வைத்து, துளியளவு நடுத்தர ஸ்குரூப் பசை போட்டு இறுக்குங்கள். ஸ்குரூ இல்லாமல் அழுத்திச் செருகிய வகை என்றால் பினியனை இழுத்தெடுக்கக் கருவி வேண்டும், சுத்தியலால் தட்டினால் மோட்டார் தண்டு வளையும்.

“க்ர்ர்ர்” என்று அரைக்கும் சத்தம், நடுநடுவே ஒரு தட்டு என்றால் கதை வேறு. பிஸ்டனின் பற்கள் உரிந்திருக்கும். மோட்டார்த் துளையில் டோர்ச் அடித்துப் பாருங்கள். கிரீஸில் வெள்ளைப் பிளாஸ்டிக் தூள் தெரிந்தால் பிஸ்டன், அதிகச் செலவில்லை. வெள்ளி மினுக்கம் தெரிந்தால் உலோகக் கியர். அதற்கு மேல் ஒரு தடவைகூட விசையை இழுக்க வேண்டாம். ஒரு பல்லின் துண்டு மற்ற இரண்டு கியரையும் தின்னும்.

கியரை இங்கேயே கடைந்து எடுக்கலாமா என்று கேட்பவர் உண்டு. வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் போய்ப் பிஸ்டன் கேட்டால் எந்த வாகனத்துக்கு என்றுதான் கேட்பார்கள். ஒரு லேத் பாஸ் எனக்கு ஒரு தடவை ஸ்பிரிங் தாங்கி கடைந்து தந்தார், மிக நேர்த்தி. ஆனால் கியர் பல்லுக்கு அந்த வழி வேண்டாம். கியர்களை மூன்றும் ஒரே தொகுதியாக வாங்குவதே நல்லது, பழசும் புதுசும் ஒன்றாகச் சேர்ந்து ஓடாது.

## அறிகுறி 4: காற்று வருகிறது, குண்டு வரவில்லை

இங்கேயும் மலிவானதிலிருந்து தொடங்குவோம்.

மகசின். அடியில் பல்சக்கரம் உள்ள வகைக்கு அதைச் சுற்றி முறுக்க வேண்டும், முறுக்கு தீர்ந்தால் குண்டு ஏறாது. முறுக்கியும் வராவிட்டால் இன்னொரு மகசின் போட்டுப் பாருங்கள். அது வேலை செய்தால் துப்பாக்கியில் குற்றமில்லை. சுடும்போது மகசினை மேலே அழுத்திப் பிடித்தால் வருகிறது, விட்டால் நிற்கிறது என்றால் பிடிகொக்கி தேய்ந்திருக்கிறது. மகசினில் கொக்கி மாட்டும் பள்ளத்தில் டேப் ஒரு சுற்றுப் போட்டு ஒரு பருவம் ஓட்டலாம்.

குண்டு. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 6 மில்லிமீற்றர் குண்டு என்று பேர், நல்லதாக இருந்தால் விட்டம் ஏறக்குறைய 5.95. உட்குழலின் விட்டமோ, நெருக்கமான வகை என்றால், 6.03. ஆக இடைவெளி ஒரு தலைமுடி அகலம்கூட இல்லை. மண்ணில் மக்கும் வகைக் குண்டுகள் ஈரத்தை உறிஞ்சும். திறந்த பையில் இங்கே ஒரு மழைக்காலம் இருந்தால் உப்பிவிடும். பிறகு மகசினில் சிக்கும், ஹொப்-அப்பில் சிக்கும், அதிர்ஷ்டம் கெட்டால் குழல் நடுவே சிக்கும். ஒரு பிடி குண்டை வெள்ளைத் தட்டில் கொட்டி உருட்டிப் பாருங்கள். தள்ளாடி ஓடுவது, நடுவே கோடு தெரிவது, புள்ளி போட்டது எல்லாம் குப்பைக்கு. நான் மீதிக் குண்டைப் பால்மா டின்னில், சப்பாத்துப் பெட்டியில் வரும் சிலிக்கா பைகள் இரண்டு மூன்றோடு போட்டு மூடிவைக்கிறேன். நிலத்தில் பொறுக்கின குண்டைத் திரும்பச் சுடுபவரின் துப்பாக்கியை நான் திருத்துவதில்லை என்று சொல்லிவைத்திருக்கிறேன். சொல்லிவிட்டுத் திருத்துவதும் உண்டுதான்.

ஹொப்-அப் முழுதாக இறுகியிருக்கிறதா? சக்கரத்தைப் பூச்சியத்துக்குக் கொண்டுவாருங்கள். அப்புறம் துடைக்கும் கம்பியைக் குழல்வாயிலிருந்து மெதுவாக விட்டு, சிக்கியிருக்கும் குண்டைத் தள்ளிப் பாருங்கள். அசையாவிட்டால் முரட்டுத்தனம் வேண்டாம், உட்குழலை வெளியே எடுத்துப் பின்பக்கமாகத் தள்ளலாம். எம்4 வடிவத்தில் மேல்பகுதியைக் கழற்றிப் பூட்டும்போது ஹொப்-அப் பெட்டிக்கு முன்னால் இருக்க வேண்டிய சின்ன ஸ்பிரிங் விழுந்து தொலையும். அது இல்லாவிட்டால் பெட்டி சரியாகப் பின்னுக்கு உட்காராது. குண்டு ஒரு நாள் வரும், ஒரு நாள் வராது. மேசைக்கடியில் தேடுங்கள். அகப்படாவிட்டால் பந்துமுனைப் பேனாவின் ஸ்பிரிங்கை வெட்டிப் பொருத்திச் சமாளித்ததும் உண்டு.

இவையெல்லாம் சரியென்றால் நொசில் (குண்டைக் குழலுக்குள் தள்ளிக் காற்றை விடும் சின்னக் குழாய்) நுனி உடைந்திருக்கும், அல்லது நொசிலை முன்னும் பின்னும் தள்ளும் டப்பெட் தகடு முறிந்திருக்கும். நொசில் நுனியை மேல்பகுதி கழற்றினாலே பார்க்கலாம். தகட்டுக்குக் கியர்பொக்ஸ் திறக்க வேண்டும். சாமான் மலிவு, வேலைதான் நீளம்.

## அறிகுறி 5: குண்டு போகிறது, போகிற இடம்தான் சரியில்லை

சீக்கிரம் விழுகிறது. ஹொப்-அப் சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். பலனே இல்லையென்றால் ரப்பரில் எண்ணெய். யாரோ குழலுக்குள் சிலிக்கன் எண்ணெய் அடித்திருப்பார்கள், அநேகமாக நீங்களேதான். துணியைக் கம்பியில் கோத்து, ஹொப்-அப்பைப் பூச்சியத்தில் வைத்து, காய்ந்த துணியில் கறை வராதவரை துடையுங்கள். பிறகு ஒரு மகசின் குண்டு சுட்ட பின்பு பாருங்கள்.

மேலே எழும்பிப் போகிறது. ஹொப்-அப் அதிகம், அல்லது குண்டு இலேசு. 0.20 கிராமிலிருந்து 0.25க்குப் போங்கள். எங்கள் கடற்காற்றில் 0.20 விளையாட்டுத்தான் காட்டும்.

ஒரே பக்கம் வளைகிறது. துப்பாக்கியைச் சாய்த்துப் பிடிக்கவில்லை என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள். பிறகு துடைத்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் வளைந்தால் ரப்பர் திருகி உட்கார்ந்திருக்கிறது. கழற்றி, அதன் வரம்பு குழலின் பள்ளத்தில் சரியாக விழும்படி பூட்ட வேண்டும். வெயிலிலும் காலத்திலும் இறுகின ரப்பரை மாற்றுவது மேல். ஒரு மலிவான ரப்பர் மாற்றிப் பெறுகிற குறியை விலையுயர்ந்த குழல் மாற்றிப் பெற்றவர்களை நான் அதிகம் காணவில்லை.

வேகம் குறைந்துவிட்டது. இதை அளந்துதான் பேச வேண்டும், கண்ணால் அல்ல. வேகமானியில் 0.20 கிராம் குண்டு வினாடிக்கு 100 மீற்றர் காட்டினால் அது சரியாக 1 ஜூல். அதே சக்தியில் 0.25 குண்டு ஏறக்குறைய 89 காட்டும். இதைத் தெரியாமல் “துப்பாக்கி சோர்ந்துபோச்சு” என்று வந்து நின்ற தம்பி ஒருவர், முதல் வாரம்தான் குண்டின் எடையை மாற்றியிருந்தார். உண்மையாகவே குறைந்திருந்தால் காற்று எங்கோ கசிகிறது. பிஸ்டன் தலையின் ரப்பர் வளையம் காய்ந்திருக்கும். கியர்பொக்ஸ் திறந்தவர் நொசில் நுனியை விரலால் அடைத்து, பிஸ்டனைச் சிலிண்டருக்குள் தள்ளிப் பார்க்கலாம். பஞ்சுபோல எதிர்த்து நின்றால் நல்லது, வழுக்கி உள்ளே போனால் வளையத்தை மாற்றிச் சிலிக்கன் கிரீஸ் தடவுங்கள்.

## அறிகுறி 6: விரலை எடுத்த பிறகும் சுடுகிறது

பற்றரியைப் பிடுங்குங்கள். விசாரணை அப்புறம்.

ஒற்றைச் சூட்டில் இரண்டு குண்டு போகிறது, ஆனால் நிற்கிறது என்றால் வேக மோட்டாரும் 11.1 வோல்ட் பற்றரியும் சேர்ந்து கியரை அளவுக்கு மேல் ஓடவிடுகின்றன. 7.4க்குத் திரும்பிப் பாருங்கள். சரியானால் உங்களுக்குத் தேவை மோட்டாரை நிறுத்திப்பிடிக்கும் வசதியுள்ள மொஸ்ஃபெட். 7.4இலும் அதே கதை என்றால் ஒவ்வொரு சூட்டுக்கும் பிறகு மின்சாரத்தைத் துண்டிக்கும் கட்-ஓஃப் நெம்பு தேய்ந்திருக்கிறது.

நிற்கவே இல்லை என்றால் விசைத் தொடுப்பு உருகி ஒட்டியிருக்கும், அல்லது மொஸ்ஃபெட் குறுக்குச்சுற்றாகிப் போயிருக்கும். இரண்டிலும் வீட்டு வைத்தியம் கிடையாது. மின் வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள். கொடுக்கும்போது பற்றரியை உங்கள் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

## அறிகுறி 7: சூடு, வாசம், உப்பிய பற்றரி

கைப்பிடி மட்டும் சூடு: மோட்டார் உயரம், மேலே பார்த்தோம். கனெக்டர் சூடு: மாற்றுங்கள். டீ வடிவக் கனெக்டரும் சிலிக்கன் உறை வயரும் முதலாம் குறுக்குத் தெருவில் தேடினால் அகப்படும். ஈயம் பற்றவைக்கும்போது பற்றரிப் பக்கத்து இரண்டு வயரையும் ஒரே நேரத்தில் வெட்டவேண்டாம், ஒன்றை வெட்டி ஒட்டி மூடிய பிறகே மற்றது. ஒரு வெட்டுக்கத்தரி இரண்டையும் சேர்த்துக் கடித்தால் கத்தரியில் பிறைநிலா போல ஒரு பள்ளம் விழும். என்னிடம் இருக்கிறது, காட்டலாம்.

பற்றரி தலையணை மாதிரி உப்பியிருந்தால் அதோடு விளையாட்டு முடிந்தது. குத்திக் காற்றை வெளியேற்றலாம் என்று ஒருவர் சொன்னார். அவருக்கு நான் சொன்ன பதில் எழுத்தில் வராது. சார்ஜ் போடாமல், வளைக்காமல், மணல் போட்ட மண்சட்டியில் வைத்து வீட்டுக்கு வெளியே வையுங்கள். வீட்டுக் குப்பையோடு போடாமல் மின்கழிவு எடுப்பவரிடம் கொடுங்கள்.

நல்ல பற்றரியைப் பற்றி: செல்களைச் சமப்படுத்தும் சார்ஜர் மட்டும். 1300 மில்லி அம்பியர் மணிப் பற்றரிக்கு 1.3 அம்பியருக்கு மேல் ஏற்றவேண்டாம். படுக்கும்முன் போட்டுவிட்டுத் தூங்கவேண்டாம். 2022இல் மின்வெட்டு நேரத்துக்குப் பயந்து இரவு முழுக்க எதையெல்லாமோ சார்ஜில் விட்டுப் பழகிய வீடு இது, அந்தப் பழக்கத்தை இதற்கு மட்டும் கொண்டுவரக் கூடாது. கிழமைக்கணக்கில் தொடாமல் வைப்பதானால் செல் ஒன்றுக்கு 3.8 வோல்ட்டில் வையுங்கள். வெயிலில் நிறுத்திய வாகனத்துக்குள் விடவே வேண்டாம்.

## அறிகுறி 8: மேம்படுத்தும்வரை நன்றாகத்தான் ஓடியது

இந்த வாக்கியத்தோடு வருபவர்களுக்கு முதலில் தேநீர், பிறகு ஒரு கேள்வி: எத்தனை சாமானை ஒரே நாளில் மாற்றினீர்கள்? மூன்று என்றால் இரண்டைப் பழையபடி வையுங்கள். ஒவ்வொன்றாகப் பூட்டி ஒரு நாள் ஓட்டினால்தான் குற்றவாளி தெரியும். பழைய சாமானை அதற்காகத்தான் எறியாமல் வைப்பது.

ஸ்பிரிங்கைத் தடிப்பாக்கினால் மோட்டாருக்குச் சுமை கூடும். அதற்கு 11.1 வோல்ட் போட்டால் விசைத் தொடுப்பு கருகும். அதற்கு மொஸ்ஃபெட் போட்டால் வேகம் தாங்காமல் பிஸ்டன் பல் உரியும். ஒரு ஸ்பிரிங்கில் தொடங்கிக் கியர்பொக்ஸ் முழுவதையும் மாற்றி முடித்தவர்களை எனக்குத் தெரியும். ஜப்பானில் சட்ட வரம்பே 1 ஜூலுக்குச் சற்றுக் கீழே. அங்கே அதை வைத்துக்கொண்டு நன்றாகத்தான் விளையாடுகிறார்கள்.

காசு இருந்தால் என் வரிசை இது: நல்ல பற்றரியும் கனெக்டரும், நல்ல குண்டு, ஹொப்-அப் ரப்பர், மொஸ்ஃபெட். அதற்குப் பிறகும் கை அரித்தால் மோட்டார். எம்4க்கு நீளத் தண்டு, ஏ.கேக்குக் குட்டைத் தண்டு, பார்த்து வாங்குங்கள். ஸ்பிரிங் எம்100ஐத் தாண்ட வேண்டும் என்று யாராவது சொன்னால், அவருடைய துப்பாக்கி இப்போது ஓடுகிறதா என்று கேட்டுப் பாருங்கள்.